உறைமோருக்கு உரிமம் கேட்கிறார்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, இங்கிலாந்தில் முதுகலை படித்த காலத்து வீட்டுத் தோழர்களோடு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். பஸ் ஓட்டுநரின் மகன். கடையில் வாங்கிய ஒரு பெல்ஜியம் பீர் பாட்டிலின் அடியில் படிந்திருந்த மண்டியை எடுத்து, அதிலிருந்த ஈஸ்டைப் பெருக்கி, இருபது லிட்டர் காய்ச்சியிருப்பதாக ஆசையாகச் சொன்னான். அழைப்பில் அவனுடைய நண்பர் ஒருவரும் இருந்தார். ஒரு சின்ன பீர் ஆலையில் வேலை பார்ப்பவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "அதுக்குப் பேரு திருட்டு. ஒரு ஆலை பல வருசம் பாடுபட்டு வளர்த்த ஈஸ்ட் அது. நீ ஒரு பாட்டில் காசைக் குடுத்துட்டு மொத்தத்தையும் எடுத்துட்டுப் போற."

நண்பன் பதில் சொல்லவில்லை. கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றிவிட்டான்.

அந்தக் கூச்சம்தான் என்னை ஒரு மாதமாக உறுத்துகிறது. காசு கொடுத்து வாங்கிய பாட்டிலில், மற்றவர்கள் தொட்டியில் கொட்டிவிடுகிற கசடை எடுத்து வைத்துக்கொண்டவன் எதற்காகத் தலைகுனிய வேண்டும்?

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிற தோழர்கள் கேட்பீர்கள்: பீருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நான் குடிப்பதில்லை. என் கவலை பீர் பற்றியதில்லை, அந்த 'திருட்டு' என்ற சொல் பற்றியது. யார் எடுத்தால் திருட்டு, யார் எடுத்தால் பாரம்பரியம், யார் எடுத்தால் கண்டுபிடிப்பு என்று தீர்ப்பு எழுதுகிற கை யாருடையது என்ற கேள்வி நமக்குப் பழைய கேள்விதானே.

நடப்பது என்ன?

விவரம் தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் விற்கும் பெரும்பாலான பீர்கள் வடிகட்டப்பட்டவை. பலவற்றைச் சூடுபடுத்தி ஈஸ்டைக் கொன்றுவிடுகிறார்கள். நுரைக்கான வாயுவை ஆலையே அழுத்தத்தில் ஏற்றிவிடும். இன்னொரு வகை உண்டு. பாட்டிலில் அடைக்கும்போதே கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்டும் உள்ளே போகும். மூடி போட்ட பிறகு ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். வாயு வெளியே போக வழியில்லாமல் பீரிலேயே கரையும். வேலை முடிந்ததும் ஈஸ்ட் அடியில் போய்ப் படியும். பெல்ஜியத்தின் ஓர்வல், சிமே, டூவல், அமெரிக்காவின் சியரா நெவாடா பேல் ஏல், ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் எல்லாம் இந்த வகை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் வெளிறிய மண்டி தெரியும். அது உறக்கத்தில் இருக்கும் உயிர்.

எடுப்பது பெரிய வித்தை இல்லை. பாட்டிலை நான்கைந்து நாள் குளிர்சாதனப் பெட்டியில் நிற்கவைக்க வேண்டும். கலங்காமல் மேல் பீரைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு, அடியில் இரண்டு விரல்கடை அளவு விட்டுவிட வேண்டும். பாட்டில் வாயைத் தீயில் காட்டியோ, கிருமிநாசினியால் துடைத்தோ சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நூறு மில்லி தண்ணீரில் ஐந்தாறு கிராம் மால்ட் தூளைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு அந்த மண்டியைக் கலக்கி இதில் ஊற்ற வேண்டும். சுத்தமான அலுமினியத் தாளால் வாயை மூடி, இருபது முதல் இருபத்தைந்து டிகிரி சூட்டில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு குலுக்கு குலுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் மெல்ல நுரைக்கும். சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். பிறகு அரை லிட்டர், அதன் பிறகு ஒன்றரை லிட்டர் என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். இந்தப் படிகளில் நூறு மில்லிக்குப் பத்து கிராம் மால்ட் என்று கொஞ்சம் கெட்டியாகவே கரைக்கலாம். எடுத்த எடுப்பில் கெட்டியான கரைசலில் போட்டால், களைத்துக் கிடக்கிற ஈஸ்ட் தாங்காது. அதனால்தான் முதல் படி நீர்த்ததாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒவ்வொரு படியிலும் முகர்ந்து பார்க்க வேண்டும். ரொட்டி வாசமோ பழ வாசமோ வந்தால் சரி. புளித்த காடி வாசமோ ரப்பர் எரிந்த வாசமோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்த எவருக்கும் இது புரியும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுகிறோம். இத்தனைக்கும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

யார் வளர்த்த ஈஸ்ட்?

"ஆலை பாடுபட்டு வளர்த்தது" என்றார் அந்த நண்பர். ஆலைக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்போம்.

டூவல் பீரை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஆல்பர்ட் மோர்ட்கட் என்ற பெல்ஜிய ஆலைக்காரர் ஸ்காட்லாந்துக்குப் போய், அங்கிருந்து ஈஸ்டைக் கொண்டுவந்தார். இந்தக் கதையை அந்த நிறுவனமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. 1923இல் டூவல் என்று பெயர் பெற்ற பீர் அந்த ஈஸ்டின் வழி வந்தது. வெஸ்ட்வ்லெட்டரன் மடத்துத் துறவிகள் காய்ச்சுகிற பீருக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. அவர்களுக்கு ஈஸ்ட் வருவது இன்னொரு மடமான வெஸ்ட்மாலிலிருந்து.

கார்ல்ஸ்பெர்க் கதை இன்னும் சுவையானது. அதன் நிறுவனர் ஜே.சி. யாகோப்சன் 1845இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனார். ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செட்ல்மயரிடமிருந்து ஈஸ்ட் வாங்கி, வழி நெடுக வண்டி நின்ற இடங்களிலெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றிச் சூடேறாமல் பாதுகாத்து, கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார் என்று சொல்வார்கள். அந்த ஈஸ்டில் எழுந்ததுதான் 1847இல் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க். ஈஸ்டைக் கொடுத்த செட்ல்மயர் மட்டும் என்ன? 1833இல் அவரும் வியன்னாவின் ஆன்டன் டிரெஹரும் பிரிட்டன் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். உள்ளே குடைந்த கைத்தடி ஒன்றில் யாருக்கும் தெரியாமல் மாதிரி எடுத்துக்கொண்டு வந்து சோதித்தார்கள். இன்று பீர் வரலாற்று நூல்களில் இது சாகசம்.

முதலாளி கைத்தடியில் எடுத்தால் சாகசம், பஸ் ஓட்டுநர் மகன் தான் வாங்கிய பாட்டிலில் எடுத்தால் திருட்டு!

இன்னும் பின்னால் போகலாம். ஈஸ்ட் என்பது உயிர் என்றே தெரியாத 15ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் நோரிச் நகரத்தில் அதற்குக் 'கடவுளின் நன்மை' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அது கடவுளின் அருளால் வருவது என்பதால், கேட்பவருக்குச் சும்மாவோ, ரொட்டி, கோதுமை, முட்டை மாதிரி ஏதாவது ஒன்றை மாற்றாக வாங்கிக்கொண்டோ கொடுப்பதுதான் நெடுங்கால வழக்கம் என்றும், மிஞ்சிப்போனால் ஒரு ஃபார்திங் பெறுமானத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அந்நகரத்துப் பதிவு சொல்கிறது. ஒரு ஃபார்திங் என்றால் கால் பென்னி. பீர் காய்ச்சுவது அன்று பெரும்பாலும் பெண்களின் வீட்டு வேலை. அந்தப் பெண்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தும் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியும்தான் இந்த உயிரைப் பல நூறு ஆண்டுகள் அணையாமல் காத்தார்கள். பிறகு ஆலைகள் வந்தன, பெண்கள் வெளியேறினார்கள், பாட்டிலில் ஆண்களின் பெயர் ஏறியது.

2016இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள், கெவின் வெர்ஸ்ட்ரெப்பனின் குழு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தொழில்முறை ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். இன்றைய பீர் ஈஸ்ட்கள் மிகச் சில மூதாதைகளிலிருந்து வந்தவை, மனிதர்கள் தொட்டியிலிருந்து தொட்டிக்கு எடுத்து எடுத்து ஊற்றியதால் பழகிப்போனவை என்பது அவர்கள் கண்டது. பிராண்டுகள் பிறப்பதற்கு முன்பே அந்தப் பழக்கம் நடந்துவிட்டது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான கைகளின் உழைப்பு அது. கடைசியாகக் கை வைத்தவர் "முழுவதும் என்னுடையது" என்று சொன்னால் நாம் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்?

கொடுத்தவரும் பூட்டியவரும்

இந்தக் கேள்வியில் இரண்டு பாதைகள் அன்றே பிரிந்தன. லூயி பாஸ்டர் பெரிய அறிவியலாளர், மறுப்பில்லை. 1873இல் அவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். நோய்க் கிருமிகள் கலவாத ஈஸ்ட், ஒரு தயாரிப்புப் பொருளாக, தன் உரிமைக்குள் அடங்கும் என்பது அதில் ஒரு கோரிக்கை. உயிருள்ள ஒன்றின் மீது போடப்பட்ட ஆரம்பகாலப் பூட்டுகளில் அது ஒன்று.

பத்தாண்டு கழித்து, 1883இல், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து ஒரே வகை ஈஸ்டைப் பெருக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஆலைகளை நாசமாக்கிக்கொண்டிருந்த 'கெட்டுப்போன பீர்' என்ற நோய்க்கு அதுவே மருந்து. கார்ல்ஸ்பெர்க் நினைத்திருந்தால் அதைப் பூட்டி வைத்துப் போட்டியாளர்களை அழித்திருக்கலாம். முறையையும் வெளியிட்டார்கள், ஈஸ்டையும் கேட்ட ஆலைகளுக்குக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் லாகர் பீர் பரவியதற்கு அந்தக் கொடையும் ஒரு காரணம். அதனால் கார்ல்ஸ்பெர்க் ஒன்றும் அழிந்துவிடவில்லை. உலகத்தின் மிகப் பெரிய பீர் நிறுவனங்களில் ஒன்றாக இன்றும் இருக்கிறது.

எனவே "ஈஸ்ட் வெளியே போனால் நாங்கள் அழிந்துவிடுவோம்" என்று யாராவது அழுதால் 1883ஐ நினைவூட்டுங்கள்.

'நட்டம்' என்ற வாதம்

ஓர்வல் பாட்டிலின் மண்டியை எடுத்து ஒருவர் காய்ச்சினால் அவருக்கு ஓர்வல் கிடைத்துவிடுமா? கிடைக்காது. தண்ணீர் வேறு, மால்ட் வேறு, ஹாப்ஸ் வேறு, தொட்டியின் உயரமும் சூடும் வேறு. ஓர்வலில் பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு வகை ஈஸ்டும் போகிறது. அது மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்து சுவையை மாற்றும். மண்டியை எடுக்கிறவருக்கு இரண்டும் எந்த விகிதத்தில் கிடைக்கும் என்பது அந்தந்தப் பாட்டிலின் வயதைப் பொறுத்தது. மோர் கொடுத்த வீட்டுக் குழம்பின் ருசி, மோர் வாங்கிய வீட்டுக் குழம்பில் வந்துவிடுவதில்லை.

இதில் ஆலைக்கு என்ன நட்டம்? பாட்டில் விற்ற காசு வந்துவிட்டது. சொல்லப்போனால் மண்டிக்காகவே இரண்டு பாட்டில் கூடுதலாக வாங்குகிறவர்கள் இவர்கள். வீட்டில் காய்ச்சியதை 'ஓர்வல்' என்று பெயர் ஒட்டி விற்றால் அது ஏமாற்று, அதை நானும் திருட்டு என்றே சொல்வேன். ஆலையின் பெயரும் முத்திரையும் அதன் உழைப்பு. அடியில் கிடக்கும் உயிரையும் அந்த முத்திரையோடு சேர்த்துக் கட்டிப்போட முடியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டரசுச் சட்டம் அனுமதித்தது 1978இல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகு. பிரிட்டனில் 1963 வரை அதற்கு உரிமம் வேண்டியிருந்தது. 1980இல் சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் கிராஸ்மன், அதற்கு முன் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தவர். இன்றைய சின்ன ஆலைக்காரர்களில் எத்தனையோ பேர் வீட்டுச் சமையலறையில் தொடங்கியவர்கள்தான். ஏறி வந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்கிற வேலையை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். கூப்பர்ஸ் மாதிரி, வீட்டில் காய்ச்சுவதற்கான பொருட்களைத் தானே விற்கிற ஆலையும் இருக்கிறது. அதன் பாட்டிலில் மண்டி எடுக்காத ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சல்காரர் குறைவு. ஆலை குடிமுழுகிப் போய்விடவில்லை.

'சுத்தம்' என்ற வாதம்

திருட்டு வாதம் தோற்றால் அடுத்து வருவது இது: "பாட்டிலில் எடுப்பது அசுத்தம். ஆய்வகத்தில் விற்கிற சுத்தமான ஈஸ்டை வாங்கு."

இதில் பாதி உண்மை. அதை மறைக்க மாட்டேன். பழைய பாட்டிலில் பெரும்பகுதி ஈஸ்ட் செத்திருக்கும். ஆல்கஹால் கூடிய பீரில், எட்டு ஒன்பது சதவீதத்துக்கு மேல் போனால், உயிரோடு இருப்பவையும் நைந்து போயிருக்கும். ஆறு சதவீதத்துக்குக் குறைந்த, புதிதாக அடைத்த பாட்டிலே நல்லது. சில ஆலைகள் நொதிக்க ஒரு ஈஸ்டும் பாட்டிலில் அடைக்க வேறொரு ஈஸ்டும் பயன்படுத்தும். பல ஜெர்மன் கோதுமை பீர்களில் அடியில் கிடப்பது லாகர் ஈஸ்ட். அதை எடுத்துவிட்டு வாழைப்பழ வாசம் வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. காற்றிலிருந்து வேறு கிருமியும் நுழையலாம். அதனால்தான் கொதிக்கவைப்பதும் முகர்வதும் கொட்டுவதும். இவையெல்லாம் கவனத்தால் சரிசெய்யக்கூடியவை.

ஆய்வகம் மட்டும் தவறே செய்யாத இடமா? 2017இல் அமெரிக்காவின் லெஃப்ட் ஹேண்ட் என்ற ஆலை, நாட்டின் புகழ்பெற்ற ஈஸ்ட் நிறுவனங்களில் ஒன்றான ஒயிட் லேப்ஸ் மீது, கொடுத்த ஈஸ்டில் வேறு வகை கலந்திருந்ததாகச் சொல்லி வழக்குத் தொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கும் சுத்தத்திலும் சந்தேகம் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். ஈஸ்ட் நிறுவனங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெல்ஜிய மடத்து ஈஸ்ட், ஆங்கில ஏல் ஈஸ்ட், கலிஃபோர்னியா ஈஸ்ட் என்று எண்ணிட்டு விற்பார்கள். எந்த ஆலையிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் 'இந்த எண் இந்த ஆலையாக இருக்கும்' என்று தாங்களே ஊகித்து அட்டவணை போட்டுவைத்திருக்கிறார்கள். குப்பியில் அடைத்து எண் போட்டால் சுத்தம், பாட்டிலிலிருந்து நேராக எடுத்தால் அசுத்தம்!

சமூகவியல் படித்த எனக்கும், ஊர்த்தெருவின் வெளியே வளர்ந்த எனக்கும், 'சுத்தம்' என்ற சொல் காதில் விழுந்தால் உடம்பு விறைக்கும். ஹான்சனின் 'தூய வளர்ப்பு' ஒரு தொழில்நுட்பம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆலைக்கு அது உதவியது. தொழில்நுட்பமாக இருந்த தூய்மை, யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று சொல்லும் அதிகாரமாக மாறும்போதுதான் சண்டை. 1927இல் மகாடில் அண்ணலும் தோழர்களும் குளத்து நீரைத் தொட்ட பிறகு, பானை பானையாகச் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தவர்களுக்குக் கிருமியைப் பற்றியா கவலை?

ஈஸ்டின் வரலாறே இந்தத் தூய்மைப் பேச்சைக் கேலி செய்கிறது. அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், 1904இல், நீல்ஸ் கிளாசன் ஆங்கில பீரின் சுவைக்கு எது காரணம் என்று தேடிப் பிடித்தார். 'காட்டு' ஈஸ்ட் என்று ஒதுக்கத்தக்க பிரெட்டனோமைசிஸ்தான் அது. ஓர்வலுக்குச் சுவை தருவதும் அதுவே. நார்வே மேற்குக் கரைப் பண்ணை வீடுகளில் 'க்வெய்க்' என்ற ஈஸ்டைத் தலைமுறை தலைமுறையாகக் காய வைத்துப் பாதுகாக்கிறார்கள். அது பெரும்பாலும் ஒற்றை வகை கிடையாது, பல வகைகள் கூடி வாழும் கூட்டம். ஒரு வீட்டில் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். அது அழியாமல் இருந்ததற்குக் காரணம் தூய்மையும் இல்லை, பூட்டும் இல்லை. கேட்டால் கொடுக்க ஒரு வீடு இருந்தது.

பெரியவர்கள் எடுக்கும்போது

லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று எது என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2011இல் அர்ஜென்டினாவின் டியகோ லிப்கைண்டும் சக ஆய்வாளர்களும் பட்டகோனியா காட்டு மரங்களில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஹைனெகென் நிறுவனம் அந்த நாட்டு ஆய்வு அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, அந்த ஈஸ்டில் 'எச்41' என்ற பீரைக் காய்ச்சி விற்றது. காட்டு ஈஸ்ட், பட்டகோனியா, ஆதி மூலம் என்று விளம்பரம் செய்தது. ஒப்பந்தம் சட்டப்படியானதே. நான் கேட்பது வேறு. காட்டு மரத்தில் மனிதன் தோன்றுமுன்பே இருந்த உயிர், ஒரு கையெழுத்தில் ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கதையாகிறது. அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை, சொன்னவர் கூச்சப்படவும் இல்லை. என் நண்பன் மட்டும் கூச்சப்பட வேண்டுமா?

வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

உங்களை முழுக்க விட்டுவிடப் போவதில்லை. பாட்டிலில் எடுத்த ஈஸ்டுக்குப் புதுப்பெயர் சூட்டி, 'என் வீட்டு வகை' என்று பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். பொதுவில் எடுத்ததைத் தனியாக்குவது ஆலை செய்தாலும் நீங்கள் செய்தாலும் ஒன்றே. க்வெய்க் இன்று உலகம் முழுவதும் பொட்டலத்தில் விற்கிறது. வோஸ், ஹோர்னிண்டால் என்று ஊர்ப்பெயர் பொட்டலத்தின் மேல் இருக்கிறது. அதைக் காத்த வீடுகளுக்கு என்ன போகிறது என்று வாங்குகிறவர்கள் கேட்டதுண்டா? லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்ற எழுத்தாளர் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி இந்த ஈஸ்ட்களையும் அவற்றைக் காத்தவர்களையும் பதிவு செய்திருக்கிறார். எங்கிருந்து வந்தது என்று எழுதி வைப்பது அவ்வளவு பெரிய பாரமில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள். எந்தப் பாட்டிலில் எடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். கேட்பவருக்கு இல்லையென்று சொல்லாதீர்கள். அடுத்தவர் பெயரில் விற்காதீர்கள். இந்த மூன்றும் இருந்தால் உங்களைத் திருடன் என்று சொல்ல எவருக்கும் அருகதை இல்லை.

இங்கே

தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இங்கே குற்றம். பிடிபட்டால் யார் வீட்டுக் கதவு முதலில் உடையும் என்பதும் நமக்குத் தெரியும். இங்கே விற்கிற பீரில் பெரும்பாலும் உயிருள்ள ஈஸ்டும் கிடையாது. குடியால் சிதைந்த குடும்பங்களோடுதான் என் அன்றாட வேலை. குடிக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பனையிலும் தென்னையிலும் தானாக வந்து இறங்கும் ஈஸ்டில், பானையில் தங்கும் பழைய மண்டியில், கள் தானே புளிக்கிறது. அது 1987 முதல் இங்கே தடை. ஆலையில் செய்து பாட்டிலில் அடைத்ததை 2003 முதல் அரசே கடை வைத்து விற்கிறது. குடி கெடுதல் என்பது காரணமாக இருந்தால் இரண்டையும் ஒரே தராசில் வைத்திருக்க வேண்டும். மரத்தில் சும்மா கிடைப்பது குற்றமாகவும், முதலாளி அடைத்துத் தருவது வருவாயாகவும் ஆன கதையை நாம் வாசல்படியிலேயே வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டு உறை

சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பால், மாடு வைத்திருந்த ஊர்த்தெரு வீட்டிலிருந்து வந்தது. அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நிற்பார். கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். காசையும் கீழேதான் வைக்க வேண்டும், எடுத்துக்கொள்வார்கள். காசுக்குத் தீட்டில்லை. உறைக்கு ஒரு கரண்டி மோர் கேட்டால் மட்டும் எந்நாளும் ஒரே பதில்: "இப்பத்தான் தீந்துச்சு." பாலை விற்கலாம். உறையைக் கொடுத்தால் நாங்களே தோய்த்துக்கொள்வோம், பிறகு மோருக்கு அவர்கள் வாசலுக்கு வர வேண்டியதில்லை.

அம்மா ஒரு நாள் வெதுவெதுப்பான பாலில் நான்கு மிளகாயைக் காம்போடு போட்டு மூடி வைத்தார். மறுநாள் அரைகுறையாகத் தோய்ந்திருந்தது, கொஞ்சம் கார வாசத்தோடு. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டார். மூன்றாம் நாள் கெட்டித் தயிர். மிளகாய்க் காம்பிலிருந்த நுண்ணுயிர் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. அந்த உறை எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போனது. எவருக்கும் "தீந்துச்சு" என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் எங்கள் தயிர் கெட்டுப்போன வருடங்களில், பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் உறையே எங்களுக்குத் திரும்பி வந்தது.

அந்தச் சனிக்கிழமை அழைப்பில் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மறுநாள் நண்பனுக்கு எழுதினேன்: அந்த ஈஸ்டில் பாதியை ஒரு புட்டியில் எடுத்து, திருட்டு என்று சொன்னவரிடமே கொடு. வாங்கிக்கொள்கிறாரா பார்.

வாங்கிக்கொண்டாராம்.